அந்த 3,000 மார்க் கைக்கு வந்ததா? ஒரு கிர்ஷ்னர் ஓவியம் விலைபோன கதை

2006 நவம்பர் 8ஆம் தேதி மாலை. நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலம். எர்ன்ஸ்ட் லுட்விக் கிர்ஷ்னர் வரைந்த ‘பெர்லின் தெருக்காட்சி’ என்ற தைலவண்ண ஓவியம் 3 கோடியே 80 லட்சத்து 96 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. கிர்ஷ்னர் ஓவியம் எதற்கும் அதுவரை அப்படி ஒரு விலை கிடைத்ததில்லை. விற்றவர், ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகரில் காலணி ஆலை நடத்திய ஒரு யூதக் குடும்பத்தின் பேத்தி. தாத்தா சுவரில் தொங்கிய படம் அது.

அதே படம் அதற்குச் சுமார் 70 வருஷம் முன்பு ஒரு தடவை விற்கப்பட்டிருந்தது. அன்றைய விலை 3,000 ரைஷ்மார்க், அதாவது அந்தக் காலத்து ஜெர்மன் பணம். மூவாயிரம் எப்படிக் கோடிகளானது என்று வியந்து நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்த மூவாயிரத்தைப் பற்றித்தான் பேசவேண்டும். அந்தப் பணம் கடைசியில் யார் கைக்குப் போனது? 2006இன் விற்பனை முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

நம் ஊரில் ஒரு மனை வாங்கப் போகிறவர் முதலில் மண்ணைப் பார்ப்பதில்லை. தாய்ப்பத்திரம் இருக்கிறதா, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்றா, வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்களா என்றுதான் கேட்கிறார். பெரிய ஓவியங்களின் சந்தையிலும் இதே கேள்விகள்தான். அங்கே பதிவு அலுவலகம் கிடையாது, சர்வே எண் கிடையாது. படம் யாரிடமிருந்து யாருக்கு, எந்த வருஷம், எப்படிப் போனது என்ற கைமாறிய வரலாறுதான் பத்திரம். அதில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் நல்ல படம் விலைபோகாமல் நிற்கும். குறிப்பாக 1933க்கும் 1945க்கும் நடுவில், நாஜிகள் ஜெர்மனியை ஆண்ட காலத்தில், அறுந்திருந்தால்.

முதலில் படத்தைப் பார்த்துவிடலாம். 121 சென்டிமீட்டர் உயரம், 95 சென்டிமீட்டர் அகலம். பெரிய படம் இல்லை, ஒரு ஆள் தனியாகத் தூக்கிவிடலாம். நடுவில் இறகு வைத்த தொப்பியோடு இரண்டு பெண்கள் நம்மை நோக்கி நடந்து வருகிறார்கள். அந்தக் காலத்து பெர்லினில் தெருவில் நின்று வாடிக்கையாளர் தேடிய பெண்கள் அவர்கள். சுற்றிலும் கறுப்பும் நீலமுமாக ஆண்கள் கூட்டம். எல்லா முகமும் கத்தியால் சீவினதுபோல் கூர்மையாக இருக்கும். யாரும் யார் கண்ணையும் நேராகப் பார்ப்பதில்லை. பின்னால் 15ஆம் எண் டிராம். தெரு சரிந்து நம் மேல் கவிழ்ந்துவிடும்போலத் தோன்றும். தூரிகையின் ஒவ்வொரு இழுப்பும் அவசரமாக, சாய்வாக, கீறலாக விழுந்திருக்கும். கண்ணால் பார்த்த பெர்லினைவிட உள்ளுக்குள் உணர்ந்த பெர்லினை வரைந்திருக்கிறார். எக்ஸ்பிரஷனிசம் என்று சொல்வதை ஒரே படத்தில் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கிர்ஷ்னர் 1880இல் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். 1905இல் டிரெஸ்டனில் நண்பர்களோடு ‘ப்ரூக்கே’ (பாலம்) என்ற குழுவைத் தொடங்கினார். 1911இல் பெர்லினுக்கு வந்தார். 1913இல் குழு உடைந்தது. அந்தத் தனிமையில்தான் பெர்லின் தெருப் படங்களை வரைய ஆரம்பித்தார். 1913 முதல் 1915 வரை மொத்தம் 11 தைலவண்ணப் படங்கள். அவற்றில் பல இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், இன்னொன்று பெர்லினின் புதிய தேசியக் காட்சியகத்தில். இனி அவை சந்தைக்கு வருவது கடினம். ஆகவே இந்த வரிசையில் ஒரு படம் ஏலத்துக்கு வருகிறது என்றால் வாங்குபவர்களுக்கு அது ஆயுளில் ஒருமுறை கிடைக்கும் வாய்ப்பு. விலை ஏறியதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, பத்திரம் சுத்தமானது.

எர்ஃபுர்ட் வீடு

ஆல்ஃபிரட் ஹெஸ் காலணி ஆலை முதலாளி. முதல் உலகப் போருக்குப் பிறகு, எக்ஸ்பிரஷனிஸ்ட் படங்களைக் கிறுக்கல் என்று பலர் ஒதுக்கிய காலத்தில், அவற்றைத் தேடித்தேடி வாங்கினார். வாங்கியதோடு நிற்கவில்லை. ஓவியர்கள் அவர் வீட்டில் வந்து தங்கினார்கள், சாப்பிட்டார்கள். வீட்டு விருந்தினர் புத்தகத்தில் கையெழுத்துக்குப் பதிலாகச் சித்திரம் போட்டுவிட்டுப் போனார்கள். நகரத்தின் அங்கர் அருங்காட்சியகத்துக்குப் படங்கள் வந்துசேரவும் அவர் பெரிய துணையாக இருந்தார். ஒரு சிறு நகரம் நவீன ஓவியத்துக்குப் பேர் வாங்கியதில் இந்த வீட்டுக்குப் பங்கு உண்டு.

1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது காலணித் தொழிலும் அடிபட்டது. 1931இல் ஹெஸ் இறந்துபோனார். ஓவியங்கள் மகன் ஹான்ஸுக்கு வந்தன. ஹான்ஸ் அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அந்த வருஷமே ஹான்ஸ் நாட்டைவிட்டுக் கிளம்பி பாரிஸ் போனார், அப்புறம் லண்டன். பிற்பாடு இங்கிலாந்தின் யார்க் நகரக் கலைக்கூடத்துக்கு இயக்குநராகி, தன் வீட்டில் வந்து தங்கிய ஓவியர்களுள் ஒருவரான ஃபைனிங்கரைப் பற்றி முக்கியமான நூல் எழுதினார். அப்பா சேர்த்த படங்கள் கையில் தங்காவிட்டாலும் படம் பார்க்கும் கண் மகனுக்குத் தங்கியது.

அம்மா தெக்லா ஹெஸ் மட்டும் ஜெர்மனியிலேயே இருந்தார். எர்ஃபுர்ட்டை விட்டு பவேரியாவில் லிஷ்டன்ஃபெல்ஸ் என்ற ஊருக்குப் போய்விட்டார். ஓவியங்களில் ஒரு பகுதியைக் கண்காட்சிக்காக என்று சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1933இல் பாசல், அடுத்த வருஷம் சூரிச். ‘பெர்லின் தெருக்காட்சி’யும் அங்கே போனது. ஆக நிலைமை இப்படி: படம் பத்திரமான நாட்டில், படத்துக்குச் சொந்தக்காரரான மகன் வேறொரு பத்திரமான நாட்டில், அம்மா மட்டும் ஆபத்தின் வாயில். இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் பலர் விலையையும் ரசீதையும் அலசியிருக்கிறார்கள். என் பார்வையில் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த படத்தை யாராலும் தொட முடியாது. லிஷ்டன்ஃபெல்ஸில் இருந்த பெண்மணியின் கதவை யார் வேண்டுமானாலும் தட்டலாம்.

தட்டினார்கள். போருக்குப் பிறகு 1958இல் தெக்லா அளித்த வாக்குமூலத்தில், ரகசியப் போலீஸார் வந்து மிரட்டி, படங்களை ஜெர்மனிக்குத் திரும்ப வரவழைக்கச் சொன்னதாகக் கூறியிருக்கிறார். 1936இல் அவர் சொன்னபடி படம் சூரிச்சிலிருந்து கோல்ன் நகரின் கலைச் சங்கத்துக்கு வந்தது. 1936 முடிவிலோ 1937 தொடக்கத்திலோ அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டின் கார்ல் ஹாகெமன் அதை வாங்கினார். விலை 3,000 மார்க்.

வாங்கினவர் யார் என்று சொல்லாமல் போவது நியாயமில்லை. ஹாகெமன் வேதியியலாளர், பெரிய தொழில் நிறுவனத்தில் உயர்பதவியில் இருந்தவர், கிர்ஷ்னருக்குப் பல வருஷ ஆதரவாளர், நண்பர். அரசாங்கமே இந்தப் படங்களைக் கேவலம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் காசு கொடுத்து வாங்கிக் காப்பாற்றினார். 1937 ஜூலையில் மியூனிக்கில் ‘சீரழிந்த கலை’ என்று பெயர் சூட்டி ஒரு கண்காட்சி வைத்தார்கள், மக்கள் வந்து பார்த்துச் சிரிக்க. ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து கிர்ஷ்னரின் படைப்புகள் மட்டும் 639 பறிக்கப்பட்டன. இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் தெருப் படம்கூட அப்படிப் பெர்லின் தேசியக் காட்சியகத்திலிருந்து பிடுங்கப்பட்டதுதான். 1938 ஜூன் 15 அன்று, சுவிட்சர்லாந்தின் டாவோஸ் பக்கத்தில், கிர்ஷ்னர் தன்னைத் தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அப்படிப்பட்ட காலத்தில் இந்தப் படம் அழியாமல் இருந்ததற்கு ஹாகெமனும் ஒரு காரணம். நல்ல மனிதர் வாங்கினார் என்பதால் விற்றவர் மனமுவந்து விற்றார் என்று ஆகிவிடாது. இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

தெக்லா 1939இல் இங்கிலாந்துக்குத் தப்பினார்.

அடுத்த கைமாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாகெமன் 1940இல் இறந்தார். அவருடைய ஓவியத் தொகுப்பைப் போரின்போது பத்திரப்படுத்திக் கொடுத்தவர் ஃபிராங்க்ஃபர்ட் ஷ்டேடல் அருங்காட்சியகத்தின் இயக்குநர் எர்ன்ஸ்ட் ஹோல்ட்சிங்கர். நன்றிக்கு அடையாளமாக ஹாகெமன் குடும்பத்தார் தெருக்காட்சியை அவருக்கே கொடுத்தார்கள். 1980இல் அவர் மனைவியிடமிருந்து பெர்லின் அரசு 19 லட்சம் ஜெர்மன் மார்க் கொடுத்து வாங்கி, ப்ரூக்கே அருங்காட்சியகத்தில் மாட்டியது. அந்த அருங்காட்சியகத்துக்கு அதுதான் மகுடம்.

சட்டம் முடிந்த இடத்தில்

2004இல் பேத்தியின் வழக்கறிஞர்கள் படத்தைத் திருப்பிக் கேட்டார்கள். சாதாரண நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் கேஸ் நிற்காது. போருக்குப் பின் இழப்பீடு கோர வைத்திருந்த கெடுக்கள் எப்போதோ முடிந்துவிட்டன. ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் காலவரம்பும் தாண்டிவிட்டது.

அவர்கள் பிடித்த வழி வேறு. 1998 டிசம்பரில் 44 நாடுகள் வாஷிங்டனில் கூடி, நாஜி காலத்தில் பறிபோன கலைப் பொருள்களுக்கு நியாயமான தீர்வு காண்போம் என்று ஒப்புக்கொண்டன. சட்டமாகக் கட்டாயப்படுத்தாத நெறிமுறை அது. அதை ஏற்று 1999 டிசம்பரில் ஜெர்மன் மத்திய அரசும் மாநிலங்களும் நகராட்சிகளும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. பொது அருங்காட்சியகங்கள் எப்படி முடிவெடுக்கவேண்டும் என்று அதையொட்டி 2001இல் வந்த வழிகாட்டிக் கையேடு சொன்னது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் பெர்லின் தோற்றதும் பேத்தி ஜெயித்ததும் இந்த இடத்தில்தான்.

துன்புறுத்தப்பட்ட ஒருவர் 1933 ஜனவரி 30க்குப் பிறகு எதையாவது விற்றிருந்தால், அது கட்டாயத்தில் நடந்த விற்பனை என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். இல்லை என்று சொல்கிற பொறுப்பு இப்போது பொருளை வைத்திருப்பவர் தலையில். அவர் காட்டவேண்டியது: விலை நியாயமானது, அந்தப் பணம் விற்றவர் கைக்குப் போய், அவர் இஷ்டப்படி செலவழிக்க முடிந்தது. விற்பனை 1935 செப்டம்பர் 15க்குப் பின் நடந்திருந்தால் இன்னொன்றும் காட்டவேண்டும். நாஜி ஆட்சி இல்லாமல் இருந்திருந்தாலும் இந்த விற்பனை நடந்திருக்கும், அல்லது வாங்கியவர் விற்றவரின் சொத்து நலனைத் தனியாகக் காப்பாற்றிக் கொடுத்தார் என்று. அந்தச் செப்டம்பர் 15 என்பது நியூரம்பர்க் சட்டங்கள் வந்த நாள். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள்.

தெருக்காட்சி விற்பனை 1936–37. ஆக எல்லாக் கேள்விக்கும் பெர்லின்தான் பதில் சொல்லவேண்டும். 3,000 மார்க் அந்தக் காலத்துக்கு நியாயமான விலைதான் என்று வாதாட இடம் இருந்தது. இந்த ஓவியங்களை வாங்க ஆளே குறைந்துபோயிருந்த காலம். ஆனால் அந்தப் பணம் தெக்லாவுக்குப் போனது என்பதற்கு ரசீது வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், குறைந்தது ஒரு கடிதம் வேண்டும். பெர்லினால் அப்படி எதையும் காட்ட முடியவில்லை.

ஒரு காகிதம். ஒரே ஒரு காகிதம் இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கக்கூடும்.

2006 கோடையில் பெர்லின் மாநில அரசு படத்தைத் திருப்பிக் கொடுக்க முடிவெடுத்தது. அப்போது கலாச்சாரத் துறைப் பொறுப்பில் இருந்தவர் தோமாஸ் ஃப்ளீர்ல். உடனே பெரிய எதிர்ப்பு. ப்ரூக்கே அருங்காட்சியகத்தின் ஆதரவாளர்களும் கலை வணிகத்தில் பேர்பெற்ற சிலரும் பகிரங்கமாகச் சண்டைக்கு வந்தார்கள். ஹெஸ் குடும்பம் நாஜிகள் வருவதற்கு முன்பே கஷ்டத்தில் இருந்தது, பணமுடையால் விற்றார்கள், சுவிட்சர்லாந்தில் இருந்தபோதே விற்பனைக்கு முயன்றார்கள், ஆகவே இது கட்டாய விற்பனை ஆகாது என்பது அவர்கள் வாதம். பேச்சுவார்த்தையை ரகசியமாக நடத்தி மக்கள் சொத்தைக் கைநழுவ விட்டார்கள் என்பது இன்னொன்று. இப்படிப்பட்ட சிக்கல்களுக்கென்றே 2003 முதல் ஒரு ஆலோசனைக் குழு இருக்கும்போது அதனிடம் ஏன் போகவில்லை என்று கேட்டார்கள். பிற்பாடு பெர்லின் சட்டமன்றம் விசாரணைக் குழுவே அமைத்தது.

எனக்கு இரண்டு பக்கமும் கேட்கத் தோன்றுகிறது. திருப்பிக் கொடுத்த முறை சரியில்லை. ஊர் முழுக்கப் பார்த்து வளர்ந்த ஒரு படத்தை எடுத்துக் கொடுக்கும்போது, ஏன் கொடுக்கிறோம், என்ன ஆதாரம் பார்த்தோம், என்ன கிடைக்கவில்லை என்று மேசையில் விரித்து வைத்துச் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். பணமுடை இருந்தது என்ற வாதத்தை அப்படியே ஒப்புக்கொண்டாலும் ஒரு கேள்விக்குப் பதில் வராது. கடன் தொல்லையில் இருக்கிறவர், சூரிச்சில் பத்திரமாக இருக்கிற படத்தை, சுவிஸ் ஃபிராங்கில் விற்க வழி இருக்கும்போது, யூதர்களின் சொத்துக்குப் பாதுகாப்பே இல்லாத ஜெர்மனிக்கு எதற்குத் திரும்ப வரவழைக்கிறார்? அம்மாவின் வாக்குமூலம் தருகிற விளக்கத்தைவிடப் பொருந்துகிற விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அவர் அதைச் சொன்னது 1958இல், படத்துக்குக் கோடிகள் வரும் என்று யாரும் கனவுகூடக் காணாத காலத்தில்.

ஏல மேடை

படம் கைக்கு வந்த சில மாதங்களிலேயே கிறிஸ்டீஸ் அதை ஏலத்துக்கு எடுத்தது. எதிர்பார்ப்பு விலை 1 கோடியே 80 லட்சம் முதல் 2 கோடியே 50 லட்சம் டாலர் வரை. அன்று மாலை ஏலத்தில் இன்னொரு குடும்பத்துக்குத் திரும்பி வந்த, ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் நான்கு ஓவியங்களும் இருந்தன. அவற்றில் அடெலே ப்ளோஹ்-பாவர் என்ற சீமாட்டியின் இரண்டாவது உருவப்படம் மட்டும் 8 கோடியே 79 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ஒரே மாலையில் ஏலம் மொத்தம் 49 கோடி டாலரைத் தாண்டியது.

விலைக் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், பரம்பரைப் படம் விற்க நினைக்கிறவர்கள் அடிக்கடி ஏமாறுகிற இடம் இது. செய்தியில் வந்த 3 கோடியே 80 லட்சத்து 96 ஆயிரம் டாலர் என்பது வாங்கினவர் கொடுத்த தொகை. சுத்தியல் தட்டியபோது நின்ற விலை 3 கோடியே 40 லட்சம். அன்றைய கிறிஸ்டீஸ் விதிப்படி வாங்குபவர் முதல் 2 லட்சம் டாலருக்கு 20 சதவீதமும் அதற்கு மேல் 12 சதவீதமும் ஏல நிறுவனத்துக்குத் தனியாகக் கொடுக்கவேண்டும். 2 லட்சத்துக்கு 40 ஆயிரம், மீதி 3 கோடியே 38 லட்சத்துக்கு 40 லட்சத்து 56 ஆயிரம். இரண்டையும் கூட்டினால் 40 லட்சத்து 96 ஆயிரம். இந்தப் பணம் விற்றவருக்குச் சேராது. விற்றவர் கணக்கு சுத்தியல் விலையிலிருந்து ஆரம்பித்துக் கீழேதான் இறங்கும்: விற்பவரின் கமிஷன், காப்பீடு, அச்சிட்ட பட்டியலுக்கான செலவு, வழக்கறிஞர்களின் பங்கு, அப்புறம் வரி. பெரிய படங்களுக்குக் கமிஷனைப் பேசிக் குறைப்பது வழக்கம். சாதாரணப் படங்களுக்கு அந்தப் பேரம் அவ்வளவு நடக்காது.

வாங்கியது நியூயார்க்கின் நோய்யே காலரி. ஜெர்மன், ஆஸ்திரியக் கலைக்காக ரொனால்ட் லாடர் 2001இல் ஐந்தாம் அவென்யூவில் திறந்த அருங்காட்சியகம். கிளிம்ட் வரைந்த அடெலேயின் முதல் உருவப்படத்தை அதே 2006இல் வாங்கியவரும் லாடர்தான்.

அன்று மாலை நடக்காமல் போன விற்பனை ஒன்றும் உண்டு. பிக்காசோவின் நீலக் காலத்து உருவப்படம் ஒன்று பட்டியலில் இருந்தது. நாஜி காலத்தில் நிர்ப்பந்தத்தில் விற்கப்பட்டது என்று ஒரு வாரிசு உரிமை கோரியதும் அதை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். படத்தின் தரத்தில் குறை இல்லை, வாங்க ஆள் இல்லாமலும் இல்லை. பத்திரத்தில் வில்லங்கம் என்று ஒரு குரல் எழுந்தது, அவ்வளவுதான். ஒரே மேடை, ஒரே மாலை. ஒரு படம் பேர்போன விலைக்குப் போகிறது, இன்னொன்று உறையோடு திரும்பிப் போகிறது.

மறுபக்கத்தில் இருப்பவர்கள்

ஹெஸ் குடும்பம் இழந்து திரும்பப் பெற்ற பக்கம். வாங்கினவரின் வாரிசாக இருந்தால்? அப்பா நல்ல காசு கொடுத்து வாங்கினார், நமக்கு வந்தது, இன்று விற்க நினைக்கிறோம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் ஒரு முன்மாதிரி உண்டு. 2011 டிசம்பரில் கோர்னேலியுஸ் குர்லிட் என்ற முதியவர், நாஜி கால ஓவிய வணிகரான தன் தந்தையிடமிருந்து வந்த மாக்ஸ் பெக்மனின் ‘சிங்கம் பழக்குபவன்’ படத்தை கோல்ன் நகரின் லெம்பெர்ட்ஸ் நிறுவனத்தில் ஏலத்துக்குக் கொடுத்தார். தைலவண்ணம் இல்லை, காகிதத்தில் வரைந்தது. அது ஒருகாலத்தில் ஆல்ஃபிரட் ஃப்ளெஹ்ட்ஹைம் என்ற யூத வணிகரிடம் இருந்த படம். அவர் வாரிசுகளோடு ஏலத்துக்கு முன்பே உடன்படிக்கை போட்டு, விற்ற தொகையில் பங்கு கொடுத்தார்கள். சுத்தியல் விலை 7,20,000 யூரோ. முழுப் படமும் என்னுடையது என்று பிடிவாதம் பிடித்திருந்தால் ஒரு யூரோகூட வந்திருக்காது, நல்ல நிறுவனம் எதுவும் தொட்டிருக்காது.

அதற்குப் பிறகு வந்த இன்னொரு முடிவு எல்லையை மேலும் நகர்த்தியது. ஃபிரான்ஸ் மார்க் 1913இல் வரைந்த ‘நரிகள்’. சொந்தக்காரர் குர்ட் கிராவி ஸாக்ஸன்ஹௌசன் வதைமுகாமில் இருந்து வெளியே வந்து, 1939இல் சிலிக்குத் தப்பினார். படம் 1940இல் நியூயார்க்கில் விற்கப்பட்டது. நாஜிகள் கை எட்டாத ஊர், சுதந்திரச் சந்தை. அப்படியும் ஜெர்மன் ஆலோசனைக் குழு 2021இல், தப்பிப் பிழைக்கப் பணம் வேண்டியிருந்ததால்தான் விற்றார், ஆகவே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றது. ட்யூசல்டார்ஃப் நகராட்சி கொடுத்தது. 2022 மார்ச் 1 அன்று லண்டன் கிறிஸ்டீஸில் அது 4 கோடியே 26 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. எங்கே விற்றார், எவ்வளவு கிடைத்தது என்பதைத் தாண்டி எதற்காக விற்றார் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஹெஸ் வழக்கில் தொங்கிய ரசீது கிடைத்திருந்தால்கூட, இன்றைய அளவுகோலில் அது பெர்லினைக் காப்பாற்றியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த வழக்கைப் படித்தபோது, வீட்டில் இப்படி ஒரு பழைய ஐரோப்பியப் படம் இருந்து அதை விற்க யோசிக்கிற குடும்பம் என்ன செய்யவேண்டும் என்று எனக்குள் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. படத்தைச் சுத்தம் செய்யக் கொடுக்கக்கூடாது என்பது முதலாவது. கிர்ஷ்னர் வண்ணத்தை பெட்ரோல் கலந்து மெலிதாக்கி, பளபளப்பு இல்லாத மேற்பரப்பை வேண்டுமென்றே வரவைத்தவர். மேலே வார்னிஷ் பூசுவது அவருக்குப் பிடிக்காத காரியம். ஆசையோடு பளிச்சென்று ஆக்கிக் கொடுத்தால் படமும் கெடும், விலையும் கெடும். அப்புறம் படத்தைத் திருப்பி முதுகைப் பார்க்கவேண்டும். கட்டையில் ஒட்டிய கண்காட்சிச் சீட்டு, சுங்க முத்திரை, பென்சிலில் எழுதிய எண், வணிகரின் லேபிள், எதையும் பிய்க்காமல், துடைக்காமல், சட்டத்தை மாற்றாமல் புகைப்படம் எடுத்து வைக்கவேண்டும். முதுகில் இருக்கும் அழுக்குத் தாள்தான் சில சமயம் முன்பக்கத்து வண்ணத்தைவிட அதிகம் பேசும்.

வீட்டுக் காகிதங்களை அதற்கும் முன்பே பார்க்கவேண்டும். கடிதம், காப்பீட்டு ரசீது, பழைய வீட்டுக் கூடத்தின் புகைப்படம், வீடு மாறியபோது எழுதிய சாமான் பட்டியல். தாத்தா பெட்டியைக் காலிபண்ணுகிற அவசரத்தில் முதலில் குப்பைக்குப் போவது இவைதான். ஓவியம் அசலா என்று முடிவு சொல்ல அந்தந்த ஓவியருக்கென்று நிபுணர்கள் உண்டு. கிர்ஷ்னருக்கு, அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் கார்டன் 1968இல் வெளியிட்ட முழுப் பட்டியலும் சுவிட்சர்லாந்தில் வீஷ்ட்ராஹ் ஊரில் உள்ள கிர்ஷ்னர் ஆவணக் காப்பகமும் ஆதாரம். ஏல நிறுவனம் முதலில் தட்டுகிற கதவு அது. வாரிசுகள் பலர் இருந்தால் எல்லாருடைய ஒப்புதலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் படத்தை வீட்டைவிட்டு வெளியே அனுப்பவேண்டும் என்பதை நம்மவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

பெர்லினில் நடந்த சண்டைக்கு ஒரு நல்ல விளைவும் இருந்தது. 2006 நவம்பரிலேயே ஜெர்மன் மத்திய அரசின் கலாச்சார அமைச்சர் எல்லாத் தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார். 2008இல் ஓவியங்களின் கைமாறிய வரலாற்றை ஆராய்வதற்கென்றே பெர்லினில் ஒரு அலுவலகம் தொடங்கினார்கள். யாராவது வந்து கேட்கும்வரை காத்திராமல், அருங்காட்சியகங்கள் தாங்களே தங்கள் சுவரில் இருக்கும் படங்களைத் திருப்பி முதுகைப் படிக்க அரசுப் பணம் கிடைத்தது.

‘பெர்லின் தெருக்காட்சி’யின் கைமாறிய வரலாற்றை அச்சில் போட்டால் சில வரிகளில் முடிந்துவிடும். ஆல்ஃபிரட் ஹெஸ், எர்ஃபுர்ட். ஹான்ஸ் ஹெஸ். கலைச் சங்கம், கோல்ன், 1936. கார்ல் ஹாகெமன், ஃபிராங்க்ஃபர்ட். எர்ன்ஸ்ட் ஹோல்ட்சிங்கர். ப்ரூக்கே அருங்காட்சியகம், பெர்லின், 1980. ஹெஸ்ஸின் வாரிசுக்குத் திருப்பித் தரப்பட்டது, 2006. நோய்யே காலரி, நியூயார்க். அந்தப் பெயர்களுக்கு நடுவில் தெக்லா ஹெஸ் இல்லை. படம் ஒருநாளும் அவர் பெயரில் இருந்ததில்லை, கதவைத் தட்டியபோது வீட்டில் இருந்தவர் மட்டும் அவர்.